ஜபர் இல்லை, ஜேர் இல்லை

காட்பாடியில் இறங்கி வாடகைக் காரில் வரும்போது
பாலத்தின் நடுவில் கேட்டார்: ஆறு எங்கே?
இதுதான், என்றேன்.
மணல், சீமைக்கருவேலம், கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆறு என்றா சொல்வீர்கள்?
பேரே பாலாறு. பாலும்தான் இல்லை.
சிரித்தார்.
இரண்டு நைல்கள் கலக்கும் ஊர்க்காரர்.

ஆஸ்பத்திரிக் கோப்பில் ஆண் என்று பதிந்திருந்தார்கள்.
இஹ்ஸான் பாபிக்கிர், ஐம்பத்தொன்பது, சூடான்.
பெண் என்று திருத்த வைத்தேன்.
தொழில்: இல்லத்தரசி.
அதைத் திருத்தவில்லை. எனக்கு அப்போது தெரியாது.
நான் நோயாளிகளின் வலியை
அரபியிலிருந்து தமிழுக்கு மாற்றுகிறவள்,
ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய்.

என் அரபி இரண்டு.
ஒன்று மேல்விஷாரத்து மதரஸாவில்,
பிரம்புக்குப் பயந்து, எழுத்துக்கூட்டி,
நீட்டும் இடத்தில் நீட்டி, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி,
ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல்.
மற்றது ஜித்தாவில் ஓர் அடுக்களையில், பதினோரு வருஷம்:
கழுவு, கொண்டு வா, எங்கே தொலைந்தாய்.
அதற்கு எழுத்தே கிடையாது.
இரண்டும் என் வாய்க்குள்தான் இருந்தன
ஒரே வீட்டில் பேச்சு நின்றுபோன ஓரகத்திகள் மாதிரி.

அறுவைக்குப் பிறகு இரண்டு கண்ணிலும் கட்டு.
பாபுராவ் தெரு லாட்ஜில், மாடியறையில்,
கீழே வங்காளத்தில் யாரோ மீன் விலை பேச,
பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.
வாசி.
பின்னட்டையில் அவருடைய படம், இன்னும் கறுத்த முடியோடு;
கெய்ரோவில் விருது, பெய்ரூத்தில் விருது.
இல்லத்தரசி, என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஜபர் இல்லை, ஜேர் இல்லை, பேஷ் இல்லை.
உயிர்க்குறி உரித்த எழுத்து, எலும்பாக.
ஓதுகிற ராகத்தில் ஆரம்பித்தேன்.
இறந்தவருக்கு ஓதுவது போல் வாசிக்காதே,
இன்னும் நான் சாகவில்லை, என்றார்.
அடுக்களைக் குரலில் வாசித்துப் பார்த்தேன்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் கதவு திறந்தது.
ஐந்தாம் பக்கத்தில் ஒருத்தி காப்பி கொண்டுவந்தாள்,
எனக்குப் புரிந்தது
காப்பி.

ஒன்பது நாள் வாசித்தேன்.
வெள்ளம் வந்தது, ஒரு நீதிபதி செத்தார்,
அவர் மகள் யாரையோ மணந்துகொள்ள மறுத்தாள்.
நான் காப்பிக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்துமூன்று தடவை கொண்டுவருகிறாள்.
ஒவ்வொரு தடவையும் யா பிந்த், ஏ பெண்ணே.
ஜித்தாவிலும் எனக்கு அதுதான் பேர்.

கேட்டேன்: இவளுக்கு ஏன் பேர் வைக்கவில்லை?
இருபத்துமூன்றா? என்றார்.
நான்கைந்து இருக்கும் என்றல்லவா நினைத்தேன்.
மின்விசிறி சுற்றியது. வெயில் ஜன்னல் கம்பியைச் சுட்டது.
வெகுநேரம் கழித்து, கட்டுக்குள்ளிருந்து:
பேர் இருந்தது.
எங்கள் வீட்டில்தான் இருந்தாள், நான் பிறக்கும் முன்பிருந்தே.
எனக்கு நினைவில்லை.

அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.
மாத்திரை கொடுத்தேன். பஸ் பிடித்து ஊருக்குப் போனேன்.
எனக்குக் கோபமா என்று சத்துவாச்சாரி வரை யோசித்தேன்,
அப்புறம் உட்கார இடம் கிடைத்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள்
மேஜைமேல் கிடந்த என் கடைச்சீட்டை எடுத்தார்.
தமிழைத்தான் எழுதியிருந்தேன், அரபி எழுத்தில்,
எங்கள் வீட்டுப் பெண்கள் முன்பு எழுதின மாதிரி.
கண்ணருகே பிடித்து, எழுத்துக்கூட்டினார்:
வெ… வெங்… வெங்கா…
பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை போல வியர்த்தது.
காயம், என்றேன். சேர்த்து.
வெங்காயம். அரைக் கிலோ. மஹ்மூதாவுக்கு ரொட்டி.
என்ன பொருள்? என்ன பொருள் இதற்கு?

பொருளெல்லாம் பிறகு, என்றேன்.
நீட்டும் இடத்தில் நீட்டுங்கள்.
இன்னொரு தடவை.