தொம்புப் பெயர்கள்

கோட்டைச் சுவருக்குள் கடல் இருக்கிறது.
பொய்யில்லை. முருகைக்கல்லை நாவால் தொட்டால் உப்பு.
பவுலு தினமும் தொட்டுப் பார்த்து
"இது கரையூர்ப் பக்கத்துத் தண்ணி" என்பான்,
நாங்கள் சிரிப்போம்.
மாரிகாலம். உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதமென்று
நீக்கிலார் கணக்கு வைத்திருக்கிறார்.
பதினொரு பேருக்கு ஒரு சாளரம்,
அதுவும் வாடைக்காற்றுக்குத்தான்.

எங்கள் குற்றம் பெரிதல்ல.
உப்பு மூட்டை சுமந்து வந்த ஒருவரைக்
கயித்தானாகிய நான் என் வலைக்கொட்டிலில் இறக்கினேன்.
மூட்டைக்குள் உப்பு. உப்புக்குள் பூசைக் கிண்ணம்.
விடியுமுன் பூசை முடிந்தது.
விடிந்தபின் ஈட்டிக்காரர் வந்தார்கள்.
சுவாமி வள்ளத்தில் போய்விட்டார்,
அதை எண்ணித்தான் நித்திரை கொள்கிறோம்.

செபமாலையைப் பறித்துவிட்டார்கள்.
வேட்டிக் கரையில் நூலுருவி
ஐம்பத்து மூன்று முடிச்சுப் போட்டேன்.
வலை முடிச்சு, நனைந்தால் இன்னும் இறுகும்.
காவல்காரன் கண்டுவிட்டு
"இங்கே என்ன மீன் பிடிக்கப் போகிறாய்?" என்றான்.
நல்ல பதிலொன்று வந்தது,
மூன்று நாள் கழித்து.

தொம்மையின் பெண்சாதி அனுப்பிய பினாட்டை
பவுலு ஒருநாள் இரு கையாலும் உயர்த்தினான்.
நீக்கிலார் கையைத் தட்டிவிட்டார்:
"குருவில்லாமல் அது பினாட்டுத்தான். பகிர்ந்து தின்."
பகிர்ந்தோம்.
பல்லில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் இனித்தது.

அன்றிரவு கதவு திறந்து
ஒருவரை உள்ளே தள்ளினார்கள்.
லாந்தர் வெளிச்சத்தில் முகம் கண்டதும்
பவுலு துப்பினான்.
சட்டம்பியார்!
ஞாயிறுதோறும் ஒல்லாந்தர் கோயில் வாசலில்
தொம்பு விரித்துப் பெயர் கூப்பிடுகிறவர்.
வராதவனுக்குத் தண்டம்.
துப்பல் தாடையில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.
மூலையில் குந்திக்கொண்டு சொன்னார்:
"நீங்கள் நாலு வருஷமாய் வரவில்லை.
நான் நாலு வருஷமாய் வந்தான், வந்தான் என்று எழுதினேன்.
நேற்றுக் கணக்குப் பார்த்தார்கள்."

மழை பிடித்துக்கொண்டது.
எங்களைத் தேடித் தண்டம் வராததை
மாதாவின் புதுமை என்றல்லவா இருந்தோம்.
அதற்கு மெழுகுதிரி வேறு நேர்ந்திருந்தோம்.

"நீர் வேதக்காரரா?" என்று கேட்டேன்.
"ஓலையில் ஒல்லாந்தர் வேதம்.
வீட்டில், விளக்கணைத்த பிறகு, திருநீறு."
"பின்னே எங்களுக்காக ஏன்?"
"பெயருக்கு எதிரே சுழியம் போட்டால்
மறுநாள் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.
ஒருதரம் பார்த்தேன்.
வள்ளத்தில் ஒரு சின்னப் பிள்ளை ஏறி நின்று இறங்க மாட்டேனென்றது."

பவுலு தன் சாக்கில் பாதியை
அவர் பக்கம் தள்ளினான்.
மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

யாமம் கடந்தும் ஒருவருக்கும் உறக்கமில்லை.
நீக்கிலார் கேட்டார்: "பெயர்கள் பாடமோ?"
"பாடம்."
"அப்போ கூப்பிடும். செத்தவர்களையும் விடாதேயும்."

சட்டம்பியார் கண்ணை மூடித் தொடங்கினார்,
அதே ஞாயிற்றுக்கிழமைக் குரல்:
சந்தியாம்பிள்ளை மகன் நீக்கிலான்.
"வந்தேன்."
யுவானி மகன் கயித்தான்.
"வந்தேன்."
தொம்மை. பவுலு. மடுத்தீன்.
இருட்டில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு தொண்டை.
வத்தாவிக்குக் கப்பலேற்றிய அவுறான்.
காற்று மட்டும்.
பிறகு எல்லாரும் சேர்ந்து "வந்தான்" என்றோம்.
காய்ச்சலில் போன சூசைமுத்து.
"வந்தான்."
கடலில் போன யுவானி.
என் தகப்பன். எனக்குக் குரல் எழவில்லை.
சட்டம்பியார்தான் சொன்னார், "வந்தான்."
எழுதுகிற மாதிரி
அவர் விரல் நிலத்தில் அசைந்தது.

முடிந்தது என்றார்.
"ஒரு பெயர் பாக்கி" என்றான் பவுலு. "உம்முடையது."
வெளியே பாரா மாறும் சத்தம்.
சட்டம்பியார் கொஞ்சநேரம் இருமினார்.
பிறகு கேட்டார்,
"எந்தப் பெயர் வேண்டும்?"