முப்பது விநாடி

திருடன் வந்து போன ஒன்பதாம் நாள்
ஜாலான் பாசாருக்குப் போனோம்.
எடுத்துப்போனது பெரிதாக ஒன்றுமில்லை:
ஒரு மடிக்கணினி, இரண்டு வளையல்,
பிரிட்ஜில் இருந்த பாதி அன்னாசி.
அன்னாசியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.
நின்று, நிதானமாக,
என் கத்தியால் அரிந்து தின்றிருக்கிறான்.

லோவின் கடையில் சுவர் முழுக்கக் கீபேடுகள்.
குணாளனுக்குப் பிடித்தது
கறுப்புக் கண்ணாடி போட்டது.
தொட்டால் ஒளிரும்,
தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்,
கேட்டைத் திறக்கும், கூடத்து விளக்கை ஏற்றும்,
விரல் வைத்தால் ஆளை அறியும்.
ஆயிரத்து இருநூறு வெள்ளி.
"அக்கா, விரல் வைங்க" என்றார் லோ,
பாதி மலாயில், பாதித் தமிழில்.

வைத்தேன்.
சிவப்பு.
புடவையில் துடைத்துவிட்டு வைத்தேன்.
சிவப்பு.
வேறு விரல், வேறு கை,
லோவே பிடித்து அழுத்திப் பார்த்த கட்டைவிரல்.

எனக்குத் தெரியும்.
புக்கிட் பிந்தாங் ஓட்டலில் பதினெட்டு வருடம்
யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை
வெளுத்த கை இது.
குளோரின் முதலில் மோப்பத்தைத் தின்னும்,
அப்புறம் ரேகையை.
அடையாள அட்டைக்குப் போனபோதும்
வங்கியில் கணக்கு மாற்றியபோதும்
'மறுபடி வை, மறுபடி வை' என்றே
இந்த ஊர் இயந்திரங்கள் என்னிடம் பேசியிருக்கின்றன.
முகத்தைப் பார்த்து நம்பியவர்கள்
கவுண்டரில் இருந்த மனிதர்கள்,
அவர்களிலும் சிலர்.

"அப்ப என் விரலை மட்டும் பதிஞ்சுக்கலாம்"
என்றான் குணாளன்.
சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.
விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.

கீழ்த்தட்டிலிருந்து தூசி ஊதி
லோ இன்னொன்றை எடுத்தார்.
ரப்பர் பொத்தான், சாம்பல் நிறம்.
நெருப்புக்கு ஒரு பொத்தான், ஆபத்துக்கு ஒன்று,
ஆம்புலன்சுக்கு ஒன்று.
கதவு திறந்தால் 'டிங்'.
வெளியே போனால் ஒரு காவல்,
உள்ளே படுத்தால் வேறு காவல்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி
இன்னொரு எண் இருக்கிறது என்றார்.
கழுத்தில் கத்தி வைத்து 'நிறுத்து' என்றால்
கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி அழுத்து.
அலாரம் அடங்கும், பச்சை எரியும்,
கத்தி வைத்தவன் நம்பிவிடுவான்;
எங்கோ ஒரு மேசையில் மட்டும்
உனக்காக ஒரு விளக்குத் துடிக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சூப்பர்வைசரிடம், நாத்தனார் வீட்டுப் பந்தியில்,
இவனிடமும் இரண்டொரு தரம்,
நான் சொன்ன எத்தனை 'சரி'களில்
கடைசி இலக்கம் மாறியிருந்தது!
மேசையில்தான் ஆள் இல்லை.
"என்ன சிரிப்பு?" என்றான்.
"ஒன்றுமில்லை. இதையே வாங்கலாம்."
முந்நூற்று எண்பது,
பேசிப் பேசி முந்நூற்று ஐம்பது,
பேட்டரி சும்மா.

பணத்தை எண்ணியபடி லோ சொன்னார்:
"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நம்பர் மாத்துங்க அக்கா.
அதே நாலு பொத்தானைத் தொட்டா தேஞ்சுடும்.
தேஞ்சதைப் பாத்தே திருடன் படிச்சுருவான்."

செந்தூல். இரவு எட்டரை.
மின்சாரம் போய் லோரோங்கே இருட்டு.
ஒரு கையில் பை, பல்லில் குடை,
பின்னால் கொமுட்டர் ரயில் தடதடக்கிறது.
கதவைத் திறந்ததும் வீடு கேட்கிறது:
பீப். பீப். யார்? யார்?
முப்பது விநாடி தருகிறது.
தடவுகிறேன்.
ஐந்தின் தலையில் ஒரு சின்ன மேடு,
அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும்
நான்கு அழுத்தல்.

பச்சை.
மறுபடி என்று சொல்லவில்லை.

ரேகையில்லாத விரல் தேய்த்து
எண்கள் அழிய எத்தனை வருடம் ஆகும்,
கேட்டிருக்க வேண்டும் லோவிடம்.
மெழுகுவத்தி ஏற்றி, பையைப் பிரித்து,
அன்னாசி அரிய
அந்தக் கத்தியையே எடுக்கிறேன்.