கூடக்குறைய ஐந்து

புளியரை தாண்டி, சாவடிக்கு முந்நூறு மீட்டர் இப்பால்
சாலையை விரற்கடை அகலத்துக்கு அறுத்து
குவார்ட்ஸ் பட்டை இரண்டு புதைத்திருக்கிறோம்.
மேலே பிசின்.
இனி வண்டி நிற்க வேண்டாம், ஓரங்கட்ட வேண்டாம்,
சக்கரம் ஒரு இமைப்பொழுது மிதித்தால் போதும்,
அச்சு அச்சாக எடை சொல்லிவிடும்.

சொல்லிவிடும் என்று கையேடு சொல்கிறது.
சரிபார்க்கத்தான் மைதீன் பிச்சையின் லாரி.
தென்காசி எடைமேடையில் அசையாமல் நிறுத்தி,
அவரும் டீசலும் வெற்றிலை டப்பாவும் உட்பட
இருபத்து நாலாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ.
ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
இன்றைக்கு இந்த ஊரில் எடை தெரிந்த பொருள்
அது ஒன்றுதான்.

இருபது வேகத்தில் வந்தார்: நானூறு குறைவு.
நாற்பதில் வந்தார்: அறுநூற்றுப் பத்து கூட.
மூன்றாவதில் கணவாய்க் காற்று தார்ப்பாயைப் புடைத்து
வண்டியை இடப்பக்கம் சாய்க்க,
வலச்சக்கரங்கள் இளைத்துப் போயின.
நாலாவதில் ஒரு நாய்.
அவர் பிரேக்கை லேசாகத்தான் தொட்டார்;
மணல் மொத்தமும் முன்னால் குனிந்து பார்த்தது.
நாய் எட்டு கிலோ இருக்கும்.
அது மிதிக்கவே மிதிக்காத பட்டையில், முன்னச்சுக் கணக்கில்
முந்நூற்று எண்பது.

ஆடிச் சாரல் வேறு.
மணலுக்குள் எவ்வளவு இறங்கியது,
எவ்வளவு பின்கதவு வழியே ஒழுகியது,
யாருக்குத் தெரியும்.

கூம்புகளுக்கு அந்தப்பக்கம்
நிஜ லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.
கிழக்கே ஏதோ ஒரு குன்றைத்
தவணை முறையில் கொண்டுபோகிறார்கள்.
ஓட்டுநர்கள் தலையை நீட்டி விசாரிக்கிறார்கள்:
"எந்த எடத்துலம்மா பட்டை?"
தெரிந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓட்டலாம்.
நான் வேறு இடத்தைக் காட்டுகிறேன்.

கருவிக்கு மன்னிப்பு உண்டு: கூடக்குறைய ஐந்து சதவீதம்.
மதியம் சோற்றுப் பொட்டலத்தின் தாளில் கணக்குப் போட்டேன்.
ஆயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்று கிலோ.
ஒரு பெண்ணழைப்புக்குப் போகிற ஆட்கள் அத்தனை பேரும்
சீர்த் தட்டோடும் வாழைத்தாரோடும்
அந்தப் பிழைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்.
தராசு ஒன்றும் கேட்காது.

ஒன்பதாவது ஓட்டம், அறுபது வேகம்.
கேமரா எடுத்த படத்தில்
கேபினுக்குள் ஒருத்தி. மடியில் தூங்கும் பிள்ளை.
காலடியில் அரிசி மூட்டை,
அதன் காது மட்டும் தெரிகிறது.

போன் போட்டேன்.
"பஸ்ஸ விட்டுட்டாவம்மா. புனலூரு ஆஸ்பத்திரில
ராத்திரி வேலையாம். சாவடி வரைக்கும்தான்,
அங்கன மலையாளத்து பஸ் கெடைக்கும்."
"எடை மாறக்கூடாதுன்னு காலையிலேயே சொன்னேன்ல அண்ணாச்சி?"
"மாறிருச்சா?"

திரையைப் பார்த்தேன்.
இருபத்து நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.
ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் ஒரு மூட்டை அரிசியும் ஏறியதில்
வண்டி எழுபது கிலோ குறைந்திருந்தது.

இதுவரை வந்த எட்டு எண்களையும் விட
ரசீதுக்கு மிக அருகில் நின்றது அதுதான்.
அதை வைத்துக்கொண்டால் அறிக்கை அழகாக இருக்கும்.
விரல் கொஞ்ச நேரம் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

ஒன்பதாம் ஓட்டம்: நீக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
'காற்று' என்று எழுதினேன்.

லாரி சாவடியில் திரும்பி, ஊர் வரைக்கும் போய்,
மறுபடி மேற்கே பார்த்து வந்தது.
கேபினில் அவர் மட்டும்.
கண்ணாடி வழியே கையை வெளியே விரித்துக் காட்டினார்,
யாரும் இல்லை என்பதற்கோ
மழை விட்டுவிட்டது என்பதற்கோ.

இருநூற்றுப் பத்து கூட.