இடது பக்கம் பிளஸ்

சாவியைத் திருப்பினால்
பல்லி மாதிரி ஒரு டிக்.
அவ்வளவுதான்.

மீட்டர் ஒன்பது புள்ளி நான்கு காட்டியது.
மாடாக இருந்தால் இந்நேரம்
உடையவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருப்பேன்.

ஜப்பானில் பிறந்து சிங்கப்பூரில் ஓடி
கோட்டையூர்க்காரர் ஒருவர் கப்பலில் இறக்கிய வண்டி.
அவருக்கு முட்டி வலி, குனிந்து ஏற முடியவில்லை.
பாதி விலைக்குத் தந்தார்.
இரண்டே இருக்கை, துணிக்கூரை,
மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது கிலோ.
நல்ல முர்ரா எருமை இரண்டை எதிர்த்தட்டில் ஏற்றினால்
தராசு அந்தப் பக்கம் சாயும்.
'மாட்டு டாக்டருக்கு எதுக்கும்மா இது?'
கேட்காதவர் கல்லலில் இரண்டே பேர்.
ஒருவருக்குக் காது மந்தம்.

பேட்டரி முன்னால் இருக்காது.
டிக்கியின் வலது மூலையில்
கன்றுக்குட்டி தலை வைக்கிற அளவில் ஒரு குழி.
நாலு சக்கரத்துக்கும் பாரம் பங்கிட
யாரோ ராத்திரி முழுக்க யோசித்த இடம்.
நீளம் பத்தொன்பதரை, அகலம் பதின்மூன்றுக்குள்.
இடது பக்கம் பிளஸ்.
வயர் குட்டை, இழுத்தால் எட்டாது.
மூடிய அறை என்பதால்
அது விடுகிற மூச்சுக்கு வெளியே ஒரு குழாய் வேண்டும்.

செக்காலை ரோட்டில் முதல் கடை:
'வெயிட்டா போட்டுவிடுறேன் மேடம்,
அஞ்சு வருஷத்துக்கு அசையாது.'
இப்போதே அசையவில்லை என்றேன்.

புதுவயலில்
நெல் லாரிகளுக்கு விற்கிறவர்
என் பழையதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.
'இது பேட்டரியா, பேட்டரியோட புள்ளையா?'

பெல்ஜியம் கண்ணாடி,
ஸ்வீடன் எனாமல் தூக்குவாளி,
எந்தக் கப்பலிலோ வந்த சரவிளக்கின் ஒற்றைக் கொக்கி,
எல்லாம் பேரம் பேசி வாங்கலாம் காரைக்குடியில்.
எட்டாமல் நிற்கிறது
ஒரு சென்டிமீட்டர் குறைவான பேட்டரி.

வெட்கத்தை விட்டு
மின்வேதியியல் ஆராய்ச்சி நிலைய வாசலில் நிறுத்தினேன்,
தங்கச்சியின் ஸ்கூட்டரை.
காவலாளி பொறுமையாகக் கேட்டார்.
'உள்ள நாளைக்கு வரப்போற பேட்டரியத்தான் பாக்குறாக.
இன்னைக்கே வேணும்னா
பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்க.'

தேவகோட்டை ரஸ்தாவில் அடைக்கலமேரி
மாடல் கேட்கவில்லை, வருஷம் கேட்கவில்லை.
கல்லல் வரைக்கும் என் பின்னால் ஸ்கூட்டரில் வந்து
விளக்குமாற்றிலிருந்து மூன்று ஈர்க்கு உருவி
குழிக்குள் வைத்து ஒடித்தாள்.
ஒன்று நீளம், ஒன்று அகலம், ஒன்று உயரம்.
திரும்பிப் போய்
தட்டுத் தட்டாக ஈர்க்கை வைத்துப் பார்த்தபடி நடந்தாள்.
கீழ்த்தட்டில், தூசிக்கு நடுவே:
'மைக்செட் ராயப்பன் ஜெனரேட்டருக்குச் சொன்னது.
வாங்க வரல. சார்ஜ் மட்டும் ஏத்திக்கிட்டே இருக்கேன்.'

பிளஸ் இடது பக்கம்.
நான் சிரித்ததற்கு அவளும் சிரித்தாள், காரணம் கேட்காமல்.

கம்பம் மெலிசு, கவ்வி தொளதொளத்தது.
ஈயத் தகட்டை விரலில் சுற்றி
மோதிரம் போல மாட்டினாள் இரண்டுக்கும்.
குழாய்க்கு என்ன செய்ய?
என் பையில் ஒரு சலைன் செட் இருந்தது,
வெற்றியூர்ப் பசு ஒன்றுக்கு ஏற்றி மிச்சமானது.
திருகு உருளையை வெட்டியெறியச் சொன்னாள்.
'யாராச்சும் தெரியாம மூடிட்டா
மூச்சு முட்டும்.'

பழையதைத் தராசில் போட்டாள்: பதினொன்று அறுநூறு.
புதுசு ஒன்பது.
ஈயத்தின் விலை கழித்துக் காசு வாங்கிக்கொண்டு
'ரெண்டரைக் கிலோ எளைச்சிருச்சு வண்டி' என்றாள்.
அந்தக் கணக்கு புரிந்த ஒரே ஆள்.

அன்றிரவே செம்பனூரிலிருந்து போன்.
கன்று குறுக்கே கிடக்கிறது.
பக்கத்து இருக்கையில் ரப்பர் பூட்ஸ், கயிறு, வாளி.
கூரையைத் தள்ளிவிட்டேன்.
முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.
வளைவில் டயர் எதையோ சொன்னது,
வாளி மறுத்துப் பேசியது.

கன்று பிழைத்தது.
விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று
வண்டியைத் தொழுவத்துப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தேன்,
இன்ஜினை அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரம்.
திரும்பச் சாவி போடும்போது கொஞ்சம் பயந்தேன்.

ஈர்க்கு மூன்றும்
ரப்பர் பேண்டு போட்டு
டாஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன,
ஆர்.சி. புத்தகத்தின் மேல்.