நாயை எடுத்துவிடு

புதன்கிழமை ஐந்தரைக்கு
பார்மன் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம்,
ஏழு பேர், சில நாள் நாலு.
பெரியவர்கள் வரக்கூடாது என்பது முதல் விதி.
இரண்டாவது விதி, வாசித்து முடித்ததும்
யாரும் "நல்லாயிருக்கு" என்று சொல்லக்கூடாது.
மூன்றாவதை இன்னும் எழுதவில்லை.

நவம்பரில் நான் ஒரு கதை கொண்டுபோனேன்.
தொங்குரயிலில் ஒரு பையன்.
ஃபோவிங்கலில் ஏறுகிறான், ஓபர்பார்மனில் இறங்குகிறான்,
மறுபக்கம் ஏறித் திரும்பி வருகிறான்.
கீழே வுப்பர் ஆறு,
மேலே ஒற்றைத் தண்டவாளம்,
நடுவில் அவன்,
வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக
மாதச் சீட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டில் அப்பா
வேலை போனதைச் சொல்லாமல்
காலையில் சட்டை மாற்றி, சாவி எடுத்து வெளிக்கிட்டு,
மகன் பள்ளிக்குப் போனதும்
திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்.
மகனுக்குத் தெரியும்.
தெரியாதது போல் நேரம் கழித்து வருவதுதான்
அவன் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை.

இந்தக் கடைசி வரி என்னுடையது.
மற்றதெல்லாம் யென்ட்ரிக் சொன்னது,
செப்டெம்பரில், பஸ் வராத ஒரு மழையில்,
என் முகத்தைப் பார்க்காமல்.

நான் மாற்றத்தான் செய்தேன்.
பெயரை மாற்றினேன்.
பச்சை ஜாக்கெட்டைச் சாம்பல் ஆக்கினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.
ஒரு நாயும் கொடுத்தேன்,
ஒரு காது மடிந்த கிழட்டு நாய்,
அவன் காலடியில் படுத்து
ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை தூக்கும்.
வாடகை மாதிரி நினைத்தேன் அந்த நாயை:
எடுத்ததற்குக் கொடுத்தது.

வாசித்தேன்.
ஹீட்டர் குழாய் மட்டும் டக் டக் என்றது.
மெலெக் மூக்கை உறிஞ்சினாள்,
அவளுக்கு எப்போதும் சளி, கணக்கில் சேர்க்க முடியாது.
எனக்குள் ஒரு சின்ன மயில்
தோகையை விரிக்கத் தொடங்கியிருந்தது.
வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்:
அந்த நேரம் நான் அவனை நினைக்கவே இல்லை.
முடிவு வாக்கியம் சரியாக விழுந்ததை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

யென்ட்ரிக் தாள்களைக் கேட்டான்.
பென்சிலால் எதையோ வெட்டினான்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
கோபத்துக்கு என்னிடம் பதில் தயார்,
எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்,
எந்தக் கதையும் யாரோ ஒருவருடையதுதான்,
முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"நாயை எடுத்துவிடு" என்றான்.
"ஏன்?"
"நாய் இருந்திருந்தால்
நான் வீட்டுக்குப் போயிருப்பேன்."

பாடமாக்கியது ஒன்றும் வாயில் வரவில்லை.

அன்றிரவு நாயை எடுத்தேன்.
நினைத்தது போல் லேசில்லை,
பதினொரு இடத்தில் படுத்திருந்தது.
ஒரு பந்தியில் வாலை வெட்டினால்
அடுத்த பந்தியில் காது ஆடியது.
கடைசியில் நாய் போன இடமெல்லாம்
அவன் சப்பாத்துகள் தெரிந்தன,
ஈரமாக, நகராமல்.
அவற்றை நான் எழுதவில்லை.

இப்போது இதழுக்குப் பக்கம் போடுகிறாள் மெலெக்.
கதை அரைப் பக்கம் குறைந்துவிட்டது,
அந்த வெள்ளையில் ஏதாவது வரையட்டுமா என்கிறாள்.
வேண்டாம் என்றேன்.
நகலெடுக்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட்,
வெறுமைக்கும் அதே விலைதான்.
உன் பேரைப் போடவா என்று யென்ட்ரிக்கைக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினான். அதற்கு என்ன அர்த்தம்
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன்.
அவனால் வாசிக்க முடியாது என்பதற்காக இல்லை.

பொய்.
அதற்காகத்தான்.

நாளை புதன்.
இந்தத் தாளை நாலாக மடித்து
ஜாக்கெட் பைக்குள் வைத்திருக்கிறேன்.
அவனுக்கு ஜேர்மன் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும்,
வரி வரியாக, மெதுவாக,
முதலில் பென்சிலை
அவன் கையில் கொடுத்துவிட்டு.