நாற்பத்திரண்டுக்கு மேல்

இரவு முழுக்க வார்ட் பன்னிரண்டு.
விடிய ஏழுக்கு மற்றவளிடம் ஒப்படைத்துவிட்டுக்
கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டி ஏறும்போது
ஊர் எனக்கு எதிர்த்திசையில் வேலைக்குப் போகிறது.
வாவியில் வெயில் இன்னும் பிஞ்சு.

பதினொன்றுக்கு முற்றிவிடும்.
கச்சான் காற்று மேற்கிலிருந்து
வெட்டிய வயலின் தூசை வறுத்துக்கொண்டு வரும்.
அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில்
மெல்லிய சீலிங் பலகை ஒன்று,
அதற்கு மேலே ஒருவரும் எட்டிப் பார்க்காத இருட்டு.
எங்கள் வீட்டுப் பெரிய அடுப்பு
அந்த இருட்டுத்தான்.
ஃபான் சுற்றிச் சுற்றி அதிலிருந்து அள்ளி
முகத்தில் ஊற்றும்.

ஒருநாள் நித்திரை வராத ஆத்திரத்தில்
வார்டில் கழித்துப் போட்ட பழைய தெர்மாமீற்றரை
நூலில் கட்டி, வயர் போகிற ஓட்டைக்குள்ளால்
கம்பொன்றில் கொளுவி மேலே ஏற்றினேன்.
இறக்கிப் பார்த்தால்
இரசம் நாற்பத்திரண்டில் முட்டி நிற்கிறது.
அதற்கு மேல் கோடு இல்லை.
மனிதருக்கு அதற்கு மேல் தேவைப்படாது என்று
செய்தவர் விட்டிருக்கிறார்.

சீட்டு விழுந்தது.
மச்சாள், ஏசி பூட்டு என்றாள்.
கட்டாரிலிருந்து அவர்,
சீற்றுக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சாப் போதும் என்றார்.
கட்டாரில் அவர் படுப்பது ஏசியில்.
நான் ஏறாவூர் நவ்பீஸுக்கு கோல் எடுத்தேன்.

அவர் வந்தது வெள்ளாப்பில்.
எட்டு மணிக்குப் பிறகு
மேலே ஆள் இருக்க ஏலாதாம்.
அந்த எட்டு மணிக்குத்தான்
நான் தினமும் படுக்கப் போகிறேன் என்று
அவருக்குச் சொல்லவில்லை.

சீலிங்கில் வெட்டிய சதுரத்துக்குள்
தலையும் தோளும் போய்க்
கால் மட்டும் ஏணியில் நிற்க,
இருட்டு பேசியது:
“மிஸி, எலிக்கூடு ஒண்டு இரிக்கி.
செருப்பு இரிக்கி, ஒத்தைச் செருப்பு.
இது சுனாமிக்குப் பிறகு குடுத்த வீடா?”
ஓம் என்றேன்.
“படம் கீறின ஆள் வெயில் காணாத ஊர் போல.
காத்துப் போக ஒரு ஓட்டை வைக்கல்ல.”

சீற்றில் ஆணி அடிக்கவில்லை அவர்.
தூள் பறந்தால் நெஞ்சுக்குக் கூடாது என்றார்.
நான் பார்த்த எக்ஸ்ரேக்களை நினைத்துக்கொண்டு
தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டேன்.
முகட்டுச் சுவர் இரண்டிலும் ஓட்டை உடைத்து
வலை அடித்தார்.
மரத்தில் வெள்ளித்தாளை இழுத்துக் கட்டினார்,
சீற்றோடு ஒட்டாமல், நாலு விரல் விட்டு.
பலகைக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு,
பாய் மாதிரி, ரோல் ரோலாக.
மூன்று விடியல் எடுத்தது.
இறங்கும்போது கண் மட்டும் மனிதக் கண்,
மற்றதெல்லாம் பஞ்சும் ஒட்டறையும்.
கை முழுக்கச் சொறிந்துகொண்டு
காசை இரண்டு தரம் எண்ணினார்.

அடுத்த நாள் பகல் ஒரு மணி.
தெர்மாமீற்றரை உதறித்
தலைமாட்டுக்கு மேலே, பலகையோடு கட்டினேன்.
முப்பத்தாறு, பிறகு ஒரு சின்னக் கோடு.
வார்டில் என்றால்
நோர்மல் என்று எழுதி அடுத்த கட்டிலுக்குப் போவேன்.
குளிர் இல்லை. பொய் சொல்லக் கூடாது.
வேர்த்தது, ஆனால்
மனிதருக்கு வேர்ப்பது மாதிரி.

பிறகு ஐப்பசி.
முன்பெல்லாம் முதல் துளி சீற்றில் விழ
முழு வீடும் எழும்பும்,
நான் கொடிக்கு ஓடுவேன்.
அன்று எழும்பியபோது மணி ஐந்து.
முற்றத்தில் கணுக்கால் தண்ணீர்.
கொடியில் என் இரண்டு வெள்ளை யூனிபோர்மும்
கை தொங்கி நின்றன.

அயர்ன் பொக்ஸால் பாதி காய்த்து
ஈரத் தோளோடு டியூட்டிக்குப் போனேன்.
சிஸ்டர் ஏறவும் இறங்கவும் பார்த்தார்.
“மழை பெய்தது கேக்கேல்லையோ?”
“நித்திரை” என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.