கம்பி

லாப்புவா ஊர் மைதானம். ஆகஸ்ட் மாதம்.
இரவு எட்டரை, இன்னும் வெளிச்சம்.
சிமெண்ட் வட்டத்துக்குள் சைமி.
அவளைச் சுற்றி மூன்று பக்கமும் வலை.
நான் வெளியே, ஈரப் புல்லில், அளவு நாடாவோடு.
குண்டு விழுந்த பள்ளத்தைத் தேடுவது என் வேலை.

நாலு கிலோ இரும்பு, ஒரு கம்பி, ஒரு கைப்பிடி.
பெயர் சுத்தியல்;
ஓர் ஆணி அடிக்க உதவாது.

பகலில் அவளுக்குப் பால் ஆலையில் வேலை.
கொழுப்பு பிரிக்கும் எந்திரம் சுழலும்போது
கனத்த பால் ஓரத்துக்கு ஒதுங்கும்,
பாலாடை நடுவில் கூடும்.
“நடுவில் உட்கார்ந்திருப்பது எப்போதும் கொழுப்புதான்” என்று
மேலாளர் காதில் விழச் சொல்லி
எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள்.

முதல் சுற்று. குதிகால் உரசும் சத்தம்.
இரண்டாவதில் பின்னால் சாய்கிறாள்,
இல்லாத நாற்காலியில் உட்காரப் போகிறவள் மாதிரி.
மூன்றாவதில்
(தௌனோ ஒரு சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டிருக்கிறான்)
அவளைப் போல் இரண்டு சைமிகளின் எடை
அந்தக் கம்பியில் தொங்குகிறது,
கீழ்நோக்கி அல்ல, படுக்கை வாட்டில்.

குண்டு வெளியே ஓடப் பார்க்கிறது என்பான் தௌனோ.
எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.
பாவம், அது நேராகப் போகப் பார்க்கிறது.
ஒவ்வொரு கணமும் நேராகப் புறப்படுகிறது,
ஒவ்வொரு கணமும் இவள் ‘இப்படி வா’ என்கிறாள்.
ஓயாத இந்தத் திருத்தத்துக்குத்தான்
வட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அன்று நாலாவது சுற்று பாதியில்
கம்பி அறுந்தது.

சின்னச் சத்தம். தீக்குச்சி ஒடிந்தாற்போல.
குண்டு வளையவில்லை, தயங்கவில்லை;
அந்தக் கணம் எந்தப் பக்கம் முகம் வைத்திருந்ததோ
அந்தப் பக்கமே,
வலையின் வாசல் வழியாக,
என் தலைக்கு வெகு உயரத்தில்,
பார்லி வயலுக்குள்.

எதிர்ப்பக்கம் விழுந்தது சைமி.
அவள்தான் அதைப் பிடித்திருந்தாள் என்று
எட்டு வருடமாக நினைத்திருந்தேன்.
அதுவும் அவளைப் பிடித்திருந்தது.

ஓடினேன். முழங்கை தோலுரிந்து
மல்லாந்து கிடந்தாள். கையில் வெறும் கைப்பிடி.
எழுந்திருக்கும் எண்ணமே இல்லாதவள் போல
வயலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“அதுக்கு யார் கம்பி மாட்டினது?”

நிலா, முக்கால்வாசி.
ஒரு நொடியில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது அது.
அதே நொடியில், நேர்கோட்டைவிட்டு
அரிசி மணியின் தடிமன் அளவு
நம் பக்கம் விழுகிறது.
அவ்வளவே. ஓடுகிறது, விழுகிறது,
தரையைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறது.
அறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பூமியும் சும்மா நிற்கவில்லை.
தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு புள்ளியைச் சுற்றி,
மாதத்துக்கு ஒரு தடவை,
கொஞ்சம் பின்னால் சாய்ந்து,
அதுவும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது.
இழுப்பவர் யாரும் அசையாமல் இழுக்க முடியாது போல.

இதையெல்லாம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
“குண்டைத் தேடு” என்றாள். “சனிக்கிழமை போட்டி.”

வயலில் முழங்கால் வரை பனி.
கதிர்கள் அசையாமல் நின்றன, நானும் நின்றேன்;
நின்றபடியே நாங்கள் எல்லோரும்,
வயல், வலை, தௌனோவின் பழைய சாப் கார் உட்பட,
மணிக்கு எழுநூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில்
கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.
ஒரு கதிர்கூடச் சாயவில்லை.

கால்தான் முதலில் கண்டுபிடித்தது.
பாதி புதைந்து,
சேறு அப்பி,
இனி எங்கும் போக வேண்டாத இரும்பு.

நாடாவை இழுத்துக்கொண்டு வட்டம் வரை நடந்தேன்.
நாற்பத்தொரு மீட்டர், முப்பது சென்டிமீட்டர்.
“கம்பி அறுந்தால் கணக்கில் சேராது” என்றான் தௌனோ.

“எழுதி வை” என்றாள் சைமி,
முழங்கையை நக்கிக்கொண்டே.